கஸ்பார் மொத்தாவின் மாத வருமானம்

"கையெழுத்துப் போடுளா!"

"போட மாட்டேன்."

"நாலு மணிக்கு மாரிராஜ் அண்ணாச்சி போட்டு வாங்க அட்வான்சோட வாராக. அவுக வந்து நிக்கும்போது நீ..."

"நிக்கட்டும். ஒக்காரட்டும். பாய் விரிச்சுப் படுக்கட்டும். அப்பா போட்ட விக்க நான்..."

"அப்பா போட்டு, அப்பா போட்டுன்னு! அந்தப் போட்டு என்னத்தத் தருது? என் வலது கால் நிரம்பியாச்சு, இடது காலுக்குத்தான் ஆள் பத்தல. இன்னைக்கு மூணு லட்சம் கட்டினா நேரா டைமண்டு..."

"பவுடர் டப்பா விக்கதுக்குப் பேரு டைமண்டாக்கும்!"

"ஏளா, வாய அடக்கு!"

பொன்செல்வி மேசை மேலிருந்த சங்கைத் தூக்கி டொக்கென்று வைத்தாள். காற்றில் பறக்காமல் காகிதங்களை அமுக்கி வைப்பதற்கான சங்கு அது. ஆட்களையும் அமுக்கியது.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா ரெண்டு ஃபீஸ் ஆகும்," என்றான் வாசலில் சாய்ந்து நின்ற ரோச். "அப்புறம், கால் நிரம்பிருச்சுன்னா இங்க வரக்கூடாதும்மா. ஆஸ்பத்திரிக்குல்லா போகணும்?"

யாரும் சிரிக்கவில்லை. ரோச் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. நாற்பத்தெட்டு வயது, சொந்த ஆட்டோ, பொன்செல்வியின் ஒரே உதவியாளன். அவள் யோசிக்கிற நேரமெல்லாம் தான் பேச வேண்டும் என்பது அவன் தனக்குத்தானே எழுதிக்கொண்ட வேலை விதி.

பொன்செல்வி இருபத்து நாலு வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கணக்குகளைத் தோண்டியவள். ஐம்பத்திரண்டாவது வயதில் வேலையை உதறிவிட்டு, தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகம் போகிற சாலையில், வலைக்கயிற்றுக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள்.

"நீ சொல்லும்மா," என்றாள் இளையவளிடம்.

இளையவள் அனிஷா. தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூத்தவள் அவள் அம்மா பிலோமி. அனிஷாவின் அப்பா பவுல் மச்சாது, சங்குகுளிக்கப் போனவர், இரண்டு வருடத்துக்கு முன்னால் போட்டிலேயே நெஞ்சு வலித்துச் சாய்ந்துவிட்டார். அவர் விட்டுப்போனது ஒரு ஃபைபர் படகு. வேறு ஆட்கள் அதைக் கடலுக்குக் கொண்டுபோகிறார்கள். அவர்கள் தருகிற பங்குதான் அம்மா சாப்பிடுகிற சோறு. படகை விற்க மகளும் கையெழுத்துப் போட வேண்டும்.

"வித்துட்டு அமுதமுத்து குளோபல்ல சேரப்போறாகளாம். முத்துச் சத்துப் பவுடர். நாம சேந்து, வலது காலு, இடது காலுன்னு நமக்குக் கீழ ரெண்டு பேரச் சேத்து, அவுக ஆளுக்கு ரெண்டு பேரச் சேத்தா வீட்டுல இருந்தே பணம் வருமாம்."

"முத்தா?" என்றான் ரோச். "நம்ம கடல்ல முத்துக் குளிச்சு அறுவது வருசத்துக்கு மேல ஆச்சு. அரசாங்கத்துக்கே கிடைக்காத முத்து இவனுகளுக்கு டப்பா டப்பாவா கிடைக்கோ?"

"கிண்டல் பண்ணாதிய," என்றாள் பிலோமி. பையிலிருந்து ஒரு பளபளப்பான தாளை எடுத்து மேசையில் அறைந்தாள். "இந்தா. நம்ம கரை ஆளுக. எட்டுப் பேரு. மாச வருமானம் போட்டிருக்கு. இதுல ஒருத்தர், ஒரே ஒருத்தர், எனக்கு இந்தப் பணம் வரலன்னு சொல்லட்டும். நான் பத்திரத்தக் கிழிச்சுப் போடுதேன். இல்லைன்னா இவ நாலு மணிக்குக் கையெழுத்துப் போடணும். அதான் பேச்சு."

"ஆமா," என்றாள் அனிஷா. "அதான் பேச்சு."

"நீங்க இன்னும் சேரலைல்லா?" என்று பொன்செல்வி பிலோமியைக் கேட்டாள்.

"இன்னைக்குத்தான் சேரணும்."

பொன்செல்வி ஒரு துண்டுத் தாளில் ஏதோ ஒரு சொல்லை எழுதி, மடித்து, சங்குக்கு அடியில் வைத்தாள். மணி இரண்டு ஐந்து.

"நீங்க இங்கனயே ஃபேனுக்குக் கீழ இருங்க. டீ வரும். அனிஷா, நீ எங்கூட வா."

---

ஆட்டோ உப்பளக் காற்றை எதிர்த்து வடக்கே ஓடியது. பொன்செல்வி தாளை மடியில் விரித்து, பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

'நம் கரையின் எட்டு வெற்றியாளர்கள்' என்று தங்க நிறத்தில் தலைப்பு. மேலே ஒரே ஒரு படம்: கோட்டுப் போட்ட இளைஞன். வழிகாட்டி, டைமண்ட் கிளாட்வின். கீழே எட்டுப் பெயர்கள். படம் இல்லை, போன் நம்பர் இல்லை. வடக்குக் காலனி, வடக்குக் காலனி என்று எட்டுக்கும் ஒரே ஊர்.

"வாசிங்கக்கா, கேப்போம்," என்றான் ரோச்.

"சூசை கர்வாலோ, இருபத்திரண்டாயிரம். அமலோற்பவம் வாஸ், பத்தொன்பதாயிரம். கஸ்பார் மொத்தா, முப்பத்தெட்டாயிரம். லூர்தம்மாள் மிராண்டா, பதினாறாயிரம். தொபியாஸ் கோமஸ், முப்பத்தோராயிரம்..."

"நிறுத்துங்க. இப்பம் எங்க ஆளுக பிள்ளைகளுக்கு ரெக்சன், ஜோவின்னு வைக்காக. இதுல ஒரு பேரு கூட அம்பது வயசுக்குக் கீழ இல்ல போலிருக்கே. தாத்தா சட்டைய எல்லாம் ஒரே கொடியில காயப்போட்ட மாதிரி இருக்கு."

"எனக்கு வேற ஒண்ணு இடிக்கு," என்றாள் பொன்செல்வி. "வெற்றியாளர்னு போட்டா அதிகமா வாங்குதவன மேல போடுவாக. இங்க முப்பத்தெட்டாயிரம் நடுவுல கிடக்கு. அகர வரிசையும் இல்ல. அப்பம் இது என்ன வரிசை?"

"சும்மா எழுதியிருப்பான்."

"சும்மா எழுதுதவன் பெரிய தொகைய முதல்ல எழுதுவான். இவன் பேர முதல்ல எழுதிட்டு, பெறவு பக்கத்துல தொகையப் போட்டிருக்கான். பேரு அவனுக்கு வரிசையா வாயில வந்திருக்கு."

அனிஷா வெளியே உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எட்டுப் பேருல யாராவது நெசமாவே சம்பாதிச்சிருந்தா?"

"இருக்கட்டுமே. கணக்கு என்ன சொல்லுது? ஒருத்தன் ரெண்டு பேரு, அவுக நாலு, அவுக எட்டு. இப்படியே இருபது படி இறங்கு. தூத்துக்குடி ஜில்லாவுல ஆள் தீந்துரும், தொட்டில்ல கிடக்க பிள்ளையோட சேத்து. கடைசிப் படியில நிக்கவன் யாருக்கு விப்பான்?"

"மீனுக்கு," என்றான் ரோச்.

---

வடக்குக் காலனியில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த ஒருவர் கஸ்பார் மொத்தா வீட்டைத் தாடையாலேயே காட்டினார். ஊரிலேயே அதிகம் சம்பாதிக்கிறவரின் வீடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வாசலில் கருவாட்டுக் கூடையைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி. கணவாய் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பெயர் செலஸ்தீனாள்.

"கஸ்பார் மொத்தா இருக்காகளா?" என்றான் ரோச்.

"இருக்காக."

"கொஞ்சம் கூப்பிடுதிகளா?"

"நீரு உள்ள போயி கூப்பிடும். எனக்கு இருவது வருசம் கூப்பிட்டுத் தொண்ட வத்திப் போச்சு."

ரோச் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான். குசினிக்குப் போகிற வழியில், சுவரில், சின்னச் சிவப்பு பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே பிளாஸ்டிக் மாலை. மாலைக்குள் மீசை வைத்த ஒரு மனிதர்.

ரோச் திரும்பி வந்தான். வந்தவன் தொப்பி இல்லாத தலையிலிருந்து தொப்பியை எடுப்பதுபோல் கையை வைத்தான்.

"அக்கா, வெற்றியாளரு சுவத்துல இருக்காரு."

"எந்த வருசம்?" என்றாள் பொன்செல்வி மெதுவாக.

"ஆறு வருசம் ஆச்சு," என்றாள் செலஸ்தீனாள். "யாரு நீங்க? என்ன வேணும்?"

பொன்செல்வி தாளை நீட்டினாள். செலஸ்தீனாளுக்கு எழுத்து தெரிந்திருந்தது. விரலை வைத்து வாசித்தாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது. கணவாய் மை அந்த வரியின் மேல் அப்பியது.

"மாசம் முப்பத்தெட்டாயிரமா?"

"அப்படிப் போட்டிருக்கு."

"உசுரோட இருக்கும்போது முந்நூத்தி எம்பது ரூவா முழுசா எங்கையில தந்ததில்ல இந்த மனுசன்!" அவள் எழுந்துவிட்டாள். அரிவாள்மனை காலில் இடறியது. "முப்பத்தெட்டாயிரத்த எங்க அனுப்புதானுக? கல்லறைக்கா? அங்க போஸ்ட்மேன் போறானா? நான் இந்த நாத்தத்துல கெடந்து விரலு வெந்து போயி ஒக்காந்திருக்கேன், எம்புருசன் பேர வச்சு எவன்டே சம்பாதிக்கான்?"

தெருவில் இரண்டு கதவுகள் திறந்தன. பொன்செல்வி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"மத்த பேரப் பாருங்க. தெரியுதா?"

செலஸ்தீனாள் பார்த்தாள். வாய்க்குள் முணுமுணுத்தாள். சட்டென்று தாளைப் பொன்செல்வியிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நான் பாக்காமச் சொல்லுதேன், நீங்க பாத்துக்கிடுங்க. சூசை கர்வாலோ. அமலோற்பவம் வாஸ். எங்க வீட்டுக்காரரு. லூர்தம்மாள் மிராண்டா. தொபியாஸ் கோமஸ். திரேசம்மாள் ரொட்ரிகோ. பாக்கியநாதன் லோபோ. மிக்கேலம்மாள் கர்வாலோ. சரியா?"

பொன்செல்வியின் விரல் எட்டாவது பெயரில் இருந்தது. "சரி. வரிசை கூட மாறல. எப்படி?"

"எப்படியா? கல்லறைத் திருநாளு பூசையில வாசிக்க வரிசைல்லா இது! ஒவ்வொரு வீட்டுலயும் செத்தவுக பேர எழுதிக் கோயிலுக்குக் குடுப்போம். போன வருசத்து நோட்டையே வச்சு வாசிப்பாக. புதுசாச் செத்தவுக கடைசியில சேருவாக. நவம்பர் ரெண்டாந்தேதி கல்லறையில மெழுகுவர்த்தியப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். அமலோற்பவம் வாஸ்னு சொன்ன ஒடனே நெஞ்சு அடிக்கும். அடுத்து நம்ம ஆளுன்னு. ஆறு வருசமாக் கேக்கேன், மறக்குமா?"

ரோச் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். அபூர்வம்.

"எங்க வீட்டுல அம்மா அப்பா பேரக் குடுக்கவே இல்ல," என்றாள் அனிஷா திடீரென்று. அவள் அந்தச் சிவப்பு பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு நவம்பரும் குடுக்கல. ஏன்னு கேட்டா அழுவாக. செத்தவுக வரிசையில அவர எழுத எனக்குக் கை வரலம்பாக. நானும் பெறவு கேக்கல."

பொன்செல்வி அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு விநாடி கூடுதலாகவே பார்த்தாள். பிறகு செலஸ்தீனாளிடம், "இங்க அந்தப் பேர வாசிக்கது யாரு?" என்றாள்.

"இந்தா, படத்துல இருக்கானே. கிளாட்வின். கணீர்னு வாசிப்பான். அடுத்த தெரு, பச்சைக் கேட்டு."

"இருபத்து நாலு வருசம், உயிரோட இருக்கவன செத்துட்டான்னு சொன்னவனுகளத்தான் பிடிச்சேன்," என்றாள் பொன்செல்வி எழுந்துகொண்டே. அவள் குரலில் இருந்தது துப்பு கிடைத்த சந்தோஷம் இல்லை. "செத்தவன உயிரோட இருக்கான்னு சொல்லுதவன இன்னைக்குத்தான் பாக்கப் போறேன்."

---

பச்சைக் கேட்டுக்கு வெளியே வெள்ளைக் கார் நின்றது. ரோச் அதைச் சுற்றி ஒரு நடை நடந்து, பின் கண்ணாடியின் மூலையில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைத் தட்டினான். "மாச வாடகை வண்டி. ஓனர் நம்பர் இருக்கு. என் ஆட்டோ கூட என் பேருல இருக்கு."

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே கால் வைக்க இடம் இல்லை. அட்டைப்பெட்டிகள். கூரை வரைக்கும். கட்டிலுக்குக் காலாக நான்கு பெட்டி, டிவிக்கு மேசையாக ஒன்று. எல்லாவற்றிலும் சிப்பி படம் போட்ட அமுதமுத்து முத்திரை. பெட்டிகளுக்கு நடுவே, பனியனோடு நின்று, கிளாட்வின் தன் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"ஐந்து மணிக்குத்தானே மீட்டிங்? மண்டபத்துக்கு வாங்க மேடம், இங்க..."

"கஸ்பார் மொத்தா எங்கள அனுப்பினாரு," என்றாள் பொன்செல்வி. "இந்த மாசம் முப்பத்தெட்டாயிரம் வரலையாம்."

கிளாட்வின் அசையவில்லை. இஸ்திரிப்பெட்டியும் அசையவில்லை. கோட்டின் மார்பிலிருந்து மெல்லிய புகை எழுந்தது.

"தம்பி, டைமண்டு கருகுது," என்றான் ரோச்.

கிளாட்வின் இஸ்திரிப்பெட்டியைத் தூக்குவதற்குள் பித்தான் பக்கத்தில் முக்கோணமாக ஓட்டை விழுந்துவிட்டது. கிளாட்வின் அந்த ஓட்டையைப் பார்த்தான். கட்டிலில் அப்படியே உட்கார்ந்தான். அட்டைப்பெட்டி நசுங்கியது.

"செத்தவுக எத்தன பேரு?" என்றாள் பொன்செல்வி.

"நூத்தி நாப்பது."

"எல்லாரும் கோயில் நோட்டுல இருந்தா?"

"ஆமா. முதல்ல சேத்தது உசுரோட இருக்கவுகளத்தான் மேடம். சொந்தக்காரன், கூடப் படிச்சவன், ஹார்பர்ல எங்கூட டேலி கிளார்க்கா இருந்தவன். எல்லாரும் தீந்துட்டாங்க. என்னக் கண்டா தெரு மாறிப் போறான். ஆனா மாசம் பத்துப் புதுப் பேரு சேத்தாத்தான் டைமண்டு நிக்கும். ஒரு ஆளுக்கு ஆறாயிரத்தி ஐந்நூறு."

"பத்துப் பேருக்கு அறுபத்தஞ்சாயிரம். செத்தவுகளுக்கு யாரு கட்டினா?"

"நாந்தான்."

"ஒனக்கு எவ்வளவு திரும்பி வரும்?"

"முப்பது. நல்ல மாசத்துல."

"அறுவத்தஞ்ச விட்டு முப்பதப் பிடிக்கியா?" என்றான் ரோச். "எங்க போட்டுல அப்படிப் பிடிக்கவனக் கடல்ல தள்ளிவிட்டுருவோம்."

"நிறுத்த முடியாதுண்ணே! நிறுத்தினா மேடையில நிக்க முடியாது. மேடையில நிக்கலைன்னா எனக்குக் கீழ இருக்கவன் பூரா வீட்டுக்கு வந்துருவான். பொஞ்சாதி நகை போச்சு. வேலை போச்சு. பத்தொம்பது லட்சம் கட்டியிருக்கேன். ஏழு வந்திருக்கு."

"அந்தத் தாள்ல உயிரோட இருக்க ஒருத்தன் பேரக் கூடவா போட முடியல?" என்று கேட்டாள் அனிஷா.

கிளாட்வின் அவளைப் பார்த்தான். "உசுரோட இருக்கவன் வந்து, எனக்கு எங்கன்னு கேப்பான்லா?"

அனிஷா பக்கத்திலிருந்த பெட்டியை எட்டி உதைத்தாள். அது சரிந்து, கீழே இருந்ததையும் இழுத்துக்கொண்டு விழுந்து வெடித்தது. வெள்ளைத் தூள் அறை முழுக்கப் பறந்தது. கிளாட்வினின் தலையில், கோட்டில், கோட்டின் ஓட்டையில்.

"அந்தப் பொம்பள அங்கன கணவாய் வெட்டிட்டு இருக்கா! அவ புருசன் பேர வருசா வருசம் நீதான வாசிக்க? வாசிச்ச வாயாலயே வித்திருக்கியே, ஒனக்கு வெக்கமா இல்ல? எங்கம்மா ஒன் பேச்சக் கேட்டுப் போட்ட விக்கப் போறாக. மூணு லட்சம். எங்கப்பா போட்டு!"

"ஒங்கம்மா யாரு?"

"பிலோமி. பவுல் மச்சாது பொண்டாட்டி."

கிளாட்வினின் முகம் மாறியது. பயம்கூட இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் செலஸ்தீனாளை உட்கார வைத்தபோது பொன்செல்வியின் முகத்தில் இருந்ததைப் போல ஓர் இரக்கம். அவன் கண்ணைத் தரைக்கு இறக்கிக்கொண்டான்.

பொன்செல்வி அதைக் கவனித்தாள். "மேல யாரு சம்பாதிக்கா?" என்று பேச்சை அவளே திருப்பினாள்.

"சென்னையில நாலஞ்சு பேரு. அவுகளும் பவுடர்ல சம்பாதிக்கல மேடம். மீட்டிங் டிக்கெட்டு, பயிற்சி வகுப்பு, சூட்கேஸ் செட்டு. சம்பாதிக்கது எப்படின்னு சொல்லிக் குடுத்துத்தான் சம்பாதிக்காக."

"சரி. கடைசிக் கேள்வி. செத்தவுகளச் சேக்கலாம்னு ஒனக்கு எப்படித் தோணுச்சு?"

"எனக்குத் தோணல."

"பெறகு?"

அவன் விரலில் ஒட்டிய தூளைப் பனியனில் துடைத்தான். போனைத் திறந்து, எதையோ தேடி, அனிஷாவுக்குத் தெரியாத கோணத்தில் பொன்செல்வியிடம் நீட்டினான். அவள் பார்த்தாள். தன் போனால் அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொண்டாள்.

"அதான் முதல் ஆளு," என்றான் கிளாட்வின். "அப்பம் நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அடுத்த மாசம் எனக்குப் பத்துப் பேரு பத்தல."

"யாரு மேடம்?" என்றாள் அனிஷா.

"ஆபீஸ்ல பேசுவோம். கிளாட்வின், நாளைக்குப் பத்து மணிக்குப் பொருளாதாரக் குற்றப் பிரிவுல நீயே போயி நிக்க. நூத்தி நாப்பது பேரையும் எழுதிக்கிட்டுப் போ. ஒனக்குத்தான் வரிசை மறக்காதே."

வாசலைத் தாண்டும்போது ரோச் மட்டும் திரும்பினான். "தம்பி, இவ்வளவு பவுடருக்கு வீட்டுக்கு வெள்ளையாவது அடிச்சிருக்கலாம்."

சொன்ன ரோச்சே சிரிக்கவில்லை.

---

மணி மூன்று நாற்பது. பிலோமி அதே நாற்காலியில் இருந்தாள். டீ குடிக்கப்படாமல் ஆடை கட்டியிருந்தது.

"அம்மா, எட்டுப் பேரும் செத்துப் போனவுக!" அனிஷா படியிலேயே ஆரம்பித்துவிட்டாள். "எட்டும்! கோயில்ல வாசிக்க பேரு! அந்த கிளாட்வின் கோட்டுக்குள்ள ஒண்ணும் இல்ல, வீடு பூரா பவுடரு, அவனே கடன்காரன். கிழிம்மா. பத்திரத்தக் கிழி. அதான் பேச்சு."

பிலோமி பத்திரத்தை எடுக்கவில்லை. "எட்டுப் பேரும் பொய்யின்னா என்ன? டைமண்டு ஆனா கம்பெனி நேரடியாத் தரும். மூணு லட்சம் கட்டினா போதும். கட்டியே ஆகணும்ளா."

"ஆகணுமா?" என்றாள் பொன்செல்வி. "ஏன் ஆகணும்?"

பிலோமி பையின் வாயை இழுத்து மூடினாள்.

பொன்செல்வி சங்கைத் தூக்கி, அடியிலிருந்த துண்டுத் தாளைப் பிரித்து வைத்தாள். ஒரே ஒரு சொல். 'கால்.'

"இன்னைக்குத்தான் சேரப்போறேன்னு சொன்னிய. வந்த ஒடனே, என் வலது கால் நிரம்பியாச்சுன்னும் சொன்னிய. சேராத ஆளுக்குக் கால் எப்படி முளைச்சுது?"

பிலோமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நீங்களே சொல்லிருங்க, பிலோமி. நான் சொன்னா அது வேற மாதிரி இருக்கும்."

"பத்தொம்பது பேரு," என்றாள் பிலோமி. துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "ரெண்டு வருசமா. மீன் மார்க்கெட்டுல எங்கூட கூடை வைக்கவளுக. நாந்தான் சேத்தேன். என்னை நம்பி ஆறாயிரத்தி ஐந்நூறு ஆறாயிரத்தி ஐந்நூறாக் குடுத்தாளுக. இப்பம் விடிஞ்சா வாசல்ல வந்து நிக்காளுக. நான் டைமண்டு ஆனா அவளுக பணம் திரும்பும்னு கிளாட்வின் சொன்னான்."

"திரும்பாது. அதத் திருப்ப இன்னும் பத்தொம்பது பேரு வேணும். பெறகு அவுகளுக்குத் திருப்ப முப்பத்தெட்டு."

"அப்பம் நான் அவளுக முகத்துல எப்படி முழிக்கது? சொல்லுங்க! நான் திருடியா? நானும் ஏமாந்தவதான!"

"ரெண்டும்," என்றாள் பொன்செல்வி. கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் டீ டம்ளரை அவள் பக்கமிருந்து நகர்த்தி, கை பட்டுச் சிந்தாமல் ஓரமாக வைத்தாள்.

அனிஷா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "ஒனக்கு இடது பக்கம் ஆள் பத்தலன்னு சொன்ன. வலது பக்கம் நிரம்பியாச்சுன்ன. வலது பக்கம் முதல்ல நிக்கது யாரும்மா?"

பிலோமி மகளைப் பார்க்கவில்லை.

"மேடம், அந்த போன காட்டுங்க."

"அனிஷா..."

"காட்டுங்க."

பொன்செல்வி பிலோமியைப் பார்த்தாள். பிலோமி தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பொன்செல்வி போனை மேசையில் மெல்லத் தள்ளினாள்.

திரையில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் பிலோமி. அதிலிருந்து வலது பக்கம் இறங்குகிற கோட்டின் நுனியில் ஒரு படம்: சட்டைப் பையில் பேனா சொருகிய, கேமராவைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாத ஒரு மனிதர். ஆதார் அட்டைப் படம். பவுல் மச்சாது. நிலை: செயலில் உள்ளார். சேர்ந்த நாள்: ஜனவரி பன்னிரண்டு.

"டிசம்பர் பன்னெண்டு அடக்கம்," என்றாள் அனிஷா. யாரிடமும் சொல்வதுபோல் இல்லை. "ஜனவரி பதினொண்ணு முப்பதாம் நாள் பூசை. மறுநாளு... பூசைக்கு வாங்கின பூ கூட வாடியிருக்காதே." விரலால் அந்த முகத்தைத் தொட்டாள், திரை பெரிதாகி, முகம் புள்ளி புள்ளியாக உடைந்தது. "அதான் கல்லறைக்குப் பேரு குடுக்கலியா? கோயில்ல செத்தவரா வாசிச்சா கம்பெனியில யாராவது சொல்லிக் குடுத்துருவாகன்னா? நான் அழுதேனேம்மா. ஒனக்கு அப்பா மேல எவ்வளவு பாசம்னு நெனச்சு, ரெண்டு வருசம், ஒனக்காகத் தனியா அழுதேனே."

கீழே சாலையில் ஒரு பைக் வந்து நின்று, இரண்டு தரம் ஹாரன் அடித்தது. மாரிராஜ். ரோச் ஜன்னல் பக்கம் போய், கையால் போகச் சொல்லிவிட்டு, அங்கேயே முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

அனிஷா மேசையிலிருந்த பத்திரத்தை எடுத்தாள். நான்காகக் கிழித்தாள். துண்டுகளை அம்மாவின் மடியில் வைத்தாள். பிறகு குனிந்து, அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனாள்.

"அப்பாவச் சேத்ததுக்கு ஒனக்கு எவ்வளவு வந்துச்சும்மா?"